நோய் தராத வைரஸும் தாம்பரத்து மாத்திரையும்

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்தார் இன்றும் டி.பி. ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது சாப்பிடுவது நாளுக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50; மூன்றும் ஒன்றாய் அடங்கிய மாத்திரை அது. இவற்றில் மூன்றாவது மருந்தின் குடும்பம் எச்.ஐ.வி.யை எந்த இடத்தில், எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதை விஞ்ஞானிகள் முதன்முதலாக அணு அணுவாகப் பார்த்தது எச்.ஐ.வி.யில் அல்ல. குரங்குகளின் வாயில் குடியிருக்கும் வேறொரு வைரஸில். அந்த வைரஸால் மனிதருக்கு ஒரு நோய் வருகிறது என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

ஆங்கிலத்தில் ஃபோமி வைரஸ் என்கிறார்கள். இங்கே நுரை வைரஸ் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. போலவே இதுவும் ரெட்ரோவைரஸ். தன் மரபணுவை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் நிரந்தரமாகச் செருகிவிடும் இனம். ஆனால் ஆளைக் கொல்லாது, படுக்கையில் தள்ளாது. அதனாலேயே ஆராய்ச்சிப் பணமும் கவனமும் இதன் பக்கம் அதிகம் போனதில்லை. நான் சொல்ல வருவது, இதன் சாதுக் குணம்தான் மருத்துவத்துக்கு இது தரும் பெரிய உபகாரம் என்பது. ஒரு உபகாரத்தைத் தாம்பரம் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, சென்னையின் தென்புறம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது.

1950-களில் போலியோ தடுப்பூசிக்காக உலகின் ஆய்வகங்கள் குரங்குச் சிறுநீரகங்களைக் கூடை கூடையாகப் பயன்படுத்தின. சிறுநீரகத்தைப் பொடியாக நறுக்கி, செல்களைப் பிரித்து, கண்ணாடிக் குழாயில் வளர்த்து, அதில் வைரஸைப் பெருக்குவார்கள். அந்தக் குரங்குகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து விமானம் ஏறிப் போன ரீசஸ் குரங்குகள். (1978-இல்தான் மொரார்ஜி தேசாய் அரசு இந்த ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. அமெரிக்க ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளில் அவை பயன்பட்ட செய்தி வெளியானது அதற்கு ஒரு காரணம்.) 1954-இல் ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்த அதே வேலையில், தட்டம்மைக்குத் தொடர்பே இல்லாமல் சில குரங்குச் செல்கள் கெட்டுப்போவதைக் கவனித்தார்கள். செல்கள் ஒன்றோடொன்று கலந்து பூதாகாரமாகி, உள்ளே குமிழ் குமிழாகப் பொங்கி, ரசம் நுரைகூடி வரும் நேரத்தைப்போல் இருந்தன. மறு ஆண்டே இதற்குக் காரணம் தனி வைரஸ் என்பது தெரிந்தது. அன்றைய ஆய்வகப் பணியாளர்களுக்கு இது பெரிய தலைவலி. வளர்த்த செல்கள் நுரைத்துப் போனால் அந்தத் தொகுதியையே கொட்ட வேண்டியதுதான். இதே குரங்குச் சிறுநீரகங்களிலிருந்து 1960-இல் எஸ்.வி.40 என்ற இன்னொரு வைரஸ் வெளிப்பட்டது. அது தடுப்பூசிக்குள்ளேயே புகுந்து கோடிக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்ததால் உலகமே அதன் பின்னால் ஓடியது. நுரை வைரஸை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் தப்பாகப் பார்த்தார்கள். 1971-இல் பிரிட்டனில் அச்சாங், எப்ஸ்டைன் குழுவினர் (எப்ஸ்டைன்-பார் வைரஸின் அதே எப்ஸ்டைன்) கென்ய நோயாளி ஒருவரின் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்த் திசுவை வளர்த்தபோது அதில் ஒரு நுரை வைரஸ் கிடைத்தது. மனித நுரை வைரஸ் என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வந்துவிட்டால் அதற்கொரு நோய் தேடுவது மருத்துவ உலகின் வழக்கம். அடுத்த இருபது ஆண்டுகளில் தைராய்டு அழற்சி, கிரேவ்ஸ் நோய், தசைக்களைப்பு, நாள்பட்ட சோர்வு என்று காரணம் தெரியாத நோய்கள் பலவும் இதன் தலையில் கட்டப்பட்டன. 1990-களின் நடுவில் நுட்பமான சோதனைகளோடு திரும்பிப் பார்த்தபோது அந்த நோயாளிகளிடம் வைரஸே இல்லை. பழைய சோதனைகள் எதையோ பார்த்து எதையோ சொல்லியிருந்தன. 1994-இல் மரபணு வரிசையை ஒப்பிட்டதில், மனித நுரை வைரஸ் என்று பெயர் பெற்றது உண்மையில் சிம்பன்சியின் வைரஸ் என்பதும் தெளிவாயிற்று. கிழக்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சித் துணையினத்தின் வைரஸோடு அது நெருங்கியிருப்பது பின்னர் தெரிந்ததால், அந்தக் கென்யருக்குக் குரங்கிடமிருந்தே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மனிதருக்கென்று சொந்தமாக ஒரு நுரை வைரஸ் கிடையாது. இந்தக் கதையிலிருந்து ஆராய்ச்சி உலகம் பெரிதாக எதுவும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2009-இல் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற எலி ரெட்ரோவைரஸை நாள்பட்ட சோர்வு நோய்க்குக் காரணமாக அறிவித்து, 2011 கடைசியில் அந்தக் கட்டுரையையே சயன்ஸ் இதழ் திரும்பப் பெற்றதும் ஏறக்குறைய இதே நாடகம்தான்.

சொந்த வீட்டில் இந்த வைரஸின் வாழ்க்கை விசித்திரமானது. அடைத்து வளர்க்கப்படும் மக்காக் குரங்குகளில் வளர்ந்தவற்றைச் சோதித்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இது இருக்கும். குட்டியாக இருக்கும்போது தாயின் எதிர்ப்பொருள் காக்கும். பிறகு கடி, நக்கல், சண்டை என்று எச்சில் வழியே தொற்றிவிடும். உடம்பு முழுவதும் பல செல்களில் அதன் மரபணு உறங்கிக் கிடக்கும். ஆனால் அது விழித்துப் பெருகுவது வாய்க்குள் இருக்கும் மேல்தோலின் மேலடுக்கு செல்களில் மட்டும் என்று சியாட்டிலில் மாக்சின் லினியலின் ஆய்வகம் 2008-இல் காட்டியது. அந்தச் செல்கள் இன்றோ நாளையோ உதிர்ந்து எச்சிலோடு போகப் போகிறவை. சாகப்போகிற செல்லில் மட்டும் பெருகினால் புரவலனுக்கு நஷ்டமில்லை; வைரஸுக்கும் அடுத்த குரங்கைப் பிடிக்க எச்சில் கிடைத்துவிடுகிறது.

இந்த உடன்பாடு பழையது. 2005-இல் நேச்சர் இதழில் வில்லியம் சுவிட்சர் குழு எழுதியபடி, குரங்கினங்கள் எப்படிக் கிளை பிரிந்தனவோ அப்படியே அவற்றின் நுரை வைரஸ்களும் கிளை பிரிந்திருக்கின்றன, குறைந்தது 3 கோடி ஆண்டுகளாக. சீலகாந்த் என்ற தொன்மையான மீனின் மரபணுவுக்குள்ளும் இதன் உறவுக்கார வைரஸின் எச்சம் கிடைத்திருக்கிறது. ஆண்டுதோறும் முகம் மாற்றிக்கொள்ளும் எச்.ஐ.வி.க்கு நேர் எதிராக இது மிக மெதுவாகத்தான் மாறும். அதனால் ஒருவருடைய இரத்தத்தில் கிடைத்த நுரை வைரஸின் வரிசையைப் படித்தால், எந்த இனக் குரங்கிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடலாம். இதைப் பின்னால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். அதற்கு முன் அந்த மருத்துவமனைக்கு.

டேவிட் ஜேக்கப் சௌரி முத்து என்ற மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திவிட்டு ஊர் திரும்பி, 1928-இல் தாம்பரத்துக் காட்டுக்குள் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். காற்றும் வெயிலும் ஓய்வும் உணவும்தான் அன்றைய காசநோய் மருந்து. ஆள் நடமாட்டமில்லாத இடம் தேவைப்பட்டது. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. எந்த வியாதிக்காரரை ஊருக்குள் வைத்துக்கொள்ள மனமில்லையோ அவரை அனுப்பிவைக்கும் இடம் என்ற பழைய பெயர் அதற்கு அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு முறை பயன்பட்டது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவரிடம் முதுகலை படித்த செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். மயிலாப்பூர்க் காப்பகத்துப் பெண்களின் இரத்தத்தை நிர்மலா எடுத்துக்கொண்டு, வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் போய்ச் சோதித்த கதை இன்று பலருக்கும் தெரியும். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அடுத்த சில ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவமனைகள் எச்.ஐ.வி. நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது, 1993 முதல் தாம்பரம் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி. வந்தவரைக் கடைசியில் கொல்வது பெரும்பாலும் காசநோய்தான் என்பதால் டி.பி. ஆஸ்பத்திரி அதற்கு இயல்பான இடமாயிற்று. மருந்தே இல்லாத அந்த ஆண்டுகளில் அப்போதைய கண்காணிப்பாளர் சி.என். தெய்வநாயகம் சித்த மருந்துகளைக்கூடக் கொடுத்துப் பார்த்தார். அது எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்தாக நிலைபெறவில்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாத மருத்துவர் எதையாவது செய்ய முயன்றதை இன்று உட்கார்ந்து குறைசொல்வது சுலபம்.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் கட்ட மையங்களில் தாம்பரமும் ஒன்று. அன்றைய மாத்திரைகள் உயிரைக் காத்தன. கூடவே வேறு வம்பையும் கொண்டுவந்தன. ஸ்டாவுடின் சாப்பிட்டவர்களுக்குப் பாதம் எரியும், கன்னக் கதுப்பு வற்றி முகமே மாறிப்போகும். அந்த முகத்தைப் பார்த்தே அக்கம்பக்கம் நோயைக் கண்டுபிடித்துவிடும் என்று மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. நெவிரபினுக்குத் தோலில் தடிப்பு, கல்லீரல் பாதிப்பு. இவையெல்லாம் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதும் படியைத் தடுக்கும் மருந்துகள். அதற்கு அடுத்த படியான செருகலைத் தடுக்க மருந்து வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 2007-இல் ரால்டெக்ராவிர் என்ற முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அது எதை எப்படிப் பிடிக்கிறது என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை.

பார்க்க முடியாததற்குக் காரணம் எச்.ஐ.வி.யின் பிடிவாதம். செருகும் வேலையைச் செய்யும் நொதிக்கு இன்டெக்ரேஸ் என்று பெயர். வைரஸ் டி.என்.ஏ.வின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் இரண்டு எழுத்தைச் சீவிவிட்டு, நம் குரோமோசோமை வெட்டி, ஒட்டுகிறது. மருந்து ஒட்டுவது தனி இன்டெக்ரேஸில் அல்ல, டி.என்.ஏ. முனையைப் பிடித்த நிலையில் உள்ள முழு இயந்திரத்தில். அதன் படத்தை எக்ஸ் கதிரில் எடுக்கப் படிகமாக்க வேண்டும். படிகமாக்க நீரில் கரைய வேண்டும். எச்.ஐ.வி.யின் இன்டெக்ரேஸோ கரையாமல் கட்டி கட்டியாகத் திரளும். இருபது ஆண்டுகள் உலகத்தின் நல்ல ஆய்வகங்கள் பல இதில் முட்டிக்கொண்டன.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பீட்டர் செரபனோவ் வேறு வைரஸ்களின் இன்டெக்ரேஸ்களை எடுத்துப் பார்த்தார். நுரை வைரஸின் நொதி சமர்த்தாகக் கரைந்தது; டி.என்.ஏ. முனையைக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது. அப்படியும் நான்கு ஆண்டுகள், 40,000-க்கும் மேற்பட்ட முயற்சிகள் ஆயின. ஏழு வகைப் படிகங்கள் கிடைத்து, அதில் ஒன்றே ஒன்று படமெடுக்கும் தரத்தில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள டயமண்ட் ஒளிமூலத்தில் அதைப் படமெடுத்து, ஸ்டீபன் ஹேர் முதல் ஆசிரியராக 2010 மார்ச்சில் நேச்சரில் வெளியிட்டார்கள். நான்கு இன்டெக்ரேஸ்கள் இரு டி.என்.ஏ. முனைகளைச் சுற்றிக் கைகோத்து நிற்கின்றன. மையத்தில் இரண்டு உலோக அயனிகள். மருந்து போய் அந்த இரண்டு அயனிகளையும் கவ்விக்கொண்டு, ஒட்ட வேண்டிய வைரஸ் டி.என்.ஏ.வின் கடைசி எழுத்தை இடத்தை விட்டே தள்ளிவிடுகிறது. வெட்டும் கத்தி அப்படியே இருக்கிறது, ஒட்ட வேண்டிய முனை விலகிப் போய்விடுகிறது. மறு ஆண்டு டோலுடெக்ராவிரையும் அதே நுரை வைரஸ் படிகத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரால்டெக்ராவிருக்கு மசியாத மாறுபட்ட வைரஸையும் அது ஏன் அடக்குகிறது என்பதற்கான விளக்கம் அங்கே தெரிந்தது: செயல்மையத்தின் வடிவம் சற்று மாறினாலும் தானும் அதற்கேற்ப இசைந்து உட்கார அதில் இடமிருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டோலுடெக்ராவிர் நுரை வைரஸிலிருந்து பிறந்த மருந்தல்ல. அதை உருவாக்கிய வேதியியலாளர்கள் படிகம் வருவதற்கு முன்பே அதைச் செய்து சோதனைக்கும் அனுப்பிவிட்டார்கள். நுரை வைரஸ் கொடுத்தது காரணம். ஏன் வேலை செய்கிறது, எந்த மாறுதல் வந்தால் வேலை செய்யாமல் போகலாம், அடுத்த மருந்தை எப்படி வரையலாம் என்பதற்கான வரைபடம். எச்.ஐ.வி.யின் சொந்த இன்டெக்ரேஸ் இயந்திரத்தை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க 2017 ஆயிற்று. அதில் மருந்து உட்கார்ந்திருக்கும் படம் 2020-இல்தான் வந்தது. நடுவில் இருந்த பத்தாண்டு முழுக்க, மருந்தாய்வுக்கு எச்.ஐ.வி.யின் இடத்தில் நின்றது ஒரு சிம்பன்சி வைரஸ். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சிகிச்சை வழிகாட்டு நூல் டோலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டு மாத்திரையை முதல் நிலை மருந்தாக வைத்தது. கன்னம் வற்றும் காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

மரபணுச் சிகிச்சையிலும் இதற்கு ஒரு இடம் பேசப்படுகிறது. நம் டி.என்.ஏ.வில் செருகத் தெரிந்த, ஆனால் நோய் தராத வைரஸ் என்றால் நல்ல மரபணுவைச் சுமந்து செல்ல வண்டியாகப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம். 2008-இல் வெள்ளையணுக் கோளாறோடு பிறந்த நாய்க்குட்டிகள் ஐந்துக்கு இப்படிச் சிகிச்சை செய்து நான்கு பிழைத்தன. மனிதரிடத்தில் வண்டியாக முந்திக்கொண்டது எச்.ஐ.வி. குடும்பத்து லென்டிவைரஸ்தான், வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவத்ஸவா குழு ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்து 2024 டிசம்பரில் வெளியிட்ட சிகிச்சையும் அந்த வகை. நுரை வைரஸ் வண்டி இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது.

இனி குரங்குகள். தென்சென்னையில் குரங்கைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. கிண்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகம், வண்டலூர்க் காட்டுப்பகுதி எல்லாம் நாட்டுக்குரங்கின் இடம். தலையில் முடி நடுவகிடு எடுத்து வாரியதுபோல் இருக்கும் இந்தக் குரங்கு மக்காக் இனம். தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியது. காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் பால்கனிக்கு வலை போட்டவர்களும், கையில் பிஸ்கட் வைத்துக் கூப்பிடுகிறவர்களும் ஒரே தெருவில் இருப்பார்கள். வண்டலூரில் 1985 முதல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. நீலகிரிக் கருமந்தி, சிங்கவால் குரங்கு, சிம்பன்சி எல்லாம் அங்கே உண்டு. வைரஸ் இனம் தாண்டுவது என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2021 ஜூனில் வண்டலூர்ச் சிங்கங்கள் ஒன்பதுக்குக் கொரோனா தொற்றியது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அது மனிதரிடம் பரவிய டெல்டா வகை. சிங்கத்துக்கு நம்மிடமிருந்து வரும் என்றால், குரங்கிடமிருந்து நமக்கு வருவதைக் கேட்டுப் பார்க்காமல் இருப்பது நியாயமில்லை.

உலகில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சுவிட்சர் குழு மூன்று ஆய்வு மையங்களிலும் இரண்டு விலங்குக் காட்சிச்சாலைகளிலும் குரங்கோடு வேலை செய்யும் 187 பேரைச் சோதித்து 2004-இல் வெளியிட்டது. குரங்கு எச்.ஐ.வி. எனப்படும் எஸ்.ஐ.வி. ஒருவரிடமும் இல்லை. நுரை வைரஸுக்கு எதிர்ப்பொருள் 10 பேரிடம் இருந்தது. அதில் மூவர் காட்சிச்சாலைப் பணியாளர்கள். பழைய இரத்த மாதிரிகளைத் தேடி எடுத்துச் சோதித்ததில் சிலர் இருபது ஆண்டுக்கும் மேலாக அதைச் சுமந்துகொண்டிருந்தது தெரிந்தது. தொற்றுள்ளவர்களின் மனைவிமாரில் சோதிக்கப்பட்ட மூவருக்கும் தொற்று இல்லை. அதே ஆண்டு நேதன் உல்ஃப் குழு கேமரூன் காட்டோரக் கிராமங்களில் 1,099 பேரைச் சோதித்து 10 பேரிடம் கண்டது. கொரில்லா, மாண்ட்ரில், டி பிராஸா குரங்கு என்று மூன்று வெவ்வேறு இனங்களின் வைரஸ்கள். ஆசியாவில் லிசா ஜோன்ஸ்-எங்கல் 2005-இல் பாலித் தீவின் சங்கே குரங்குக் கோயிலைச் சுற்றிய 82 பேரில் ஒருவரிடம் கண்டார். 2008-இல் தாய்லாந்து, இந்தோனேசியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளில் 305 பேரைச் சோதித்து 8 பேரிடம். கோயில் பணியாளர், குரங்காட்டி, குரங்கை வீட்டில் வளர்ப்பவர், காட்சிச்சாலைப் பணியாளர் என்று எல்லா விதத்தினரும் அந்த ஆய்வில் உண்டு. நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்படுவது தப்பு. இங்கேதான் வைரஸின் சாதுக் குணம் இரண்டாம் முறை உதவிக்கு வருகிறது. பி வைரஸ் என்று ஒன்று மக்காக் குரங்குகளிடம் உண்டு; மனிதருக்கு வருவது அரிது, வந்து மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் மூளைக்காய்ச்சலில் மரணம். ரேபிஸ் வந்தவர் பிழைப்பதில்லை. இவை ஆளையே கொண்டுபோய்விடுவதால், அவற்றை வைத்து எத்தனை பேருக்குக் குரங்கின் எச்சில் இரத்தத்தில் கலந்தது என்று கணக்கெடுக்க முடியாது. நுரை வைரஸ் ஒருமுறை ஏறினால் ஆள் நலமாக இருப்பார், எதிர்ப்பொருள் வாழ்நாள் முழுக்க இருக்கும், வைரஸின் வரிசை எந்தக் குரங்கு என்று சொல்லும். எந்த ஊரில், எந்த வேலையில், எந்தப் பழக்கத்தில் இனத்தடை உடைகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பேரேடு கிடைக்காது. நாளை வரப்போகும் ஒரு கெட்ட வைரஸ் எந்த வழியாக வரும் என்பதை இன்றைக்கே சொல்லிவைக்கும் சாதுவான சாட்சி அது. ஆசிய மக்காக் குரங்குகளிடம் இயற்கையில் எஸ்.ஐ.வி. கிடையாது என்பதால் இன்னொரு எச்.ஐ.வி. இங்கிருந்து கிளம்பும் என்ற பீதிக்கும் இடமில்லை.

முழுக்கத் தீங்கற்றது என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. பாஸ்டர் நிறுவனத்தின் ஃப்ளோரன்ஸ் புசெய்ன், அந்துவான் ஜெஸ்ஸைன் குழு கொரில்லாக் கடியால் தொற்றிய 24 கேமரூன்காரர்களை, அதே வயதும் இனமும் உள்ள தொற்றில்லாத 24 பேரோடு ஒப்பிட்டு 2018-இல் எழுதியது. தொற்றுள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவு, மிதமான இரத்தசோகை அதிகம். காரணம் வைரஸா வேறெதுவுமா என்று அந்த அளவு ஆய்விலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் புறந்தள்ளவும் முடியாது. ரீசஸ் குரங்குகளில் செய்த ஒரு சிறு ஆய்வில், ஏற்கெனவே நுரை வைரஸ் உள்ளவற்றுக்கு எஸ்.ஐ.வி. தொற்றியபோது நோய் வேகமாக முற்றியது. மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யும் நுரை வைரஸும் ஒரே ஆளிடம் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்துபோகும் ஒரு மருத்துவமனையும், குரங்குகள் வீட்டு மாடியில் உலவும் ஒரு வட்டாரமும் பக்கம் பக்கமாக இருக்கும் ஊருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. இரத்தம் ஏற்றினால் குரங்கிடமிருந்து குரங்குக்குத் தொற்றுவது ஆய்வகத்தில் நிரூபணமாகியிருக்கிறது. தொற்றுள்ள ஒரு குரங்குப் பராமரிப்பாளர் தெரியாமல் இரத்த தானம் செய்த அமெரிக்கச் சம்பவத்தில், பெற்றவர்களில் சோதிக்கப்பட்டவர்களுக்குத் தொற்றவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாக ஒரு சான்றும் இதுவரை இல்லை. மாட்டுக்கும் ஒரு நுரை வைரஸ் உண்டு, பாலிலும் வரும். அதைப் பற்றிக் கவலைப்பட நேரம் செலவழிக்க வேண்டாம்; நம் அடுப்பில் பால் காயாமல் எந்த டம்ளருக்கும் போவதில்லை.

தென்சென்னையில் இப்படியொரு கணக்கெடுப்புக்கு வேண்டியவை எல்லாம் இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் வண்டலூரில். வைரஸ் பரிசோதனையில் நூறாண்டு கண்ட கிங் நோய்த்தடுப்பு நிலையம் கிண்டியில். சுனிதி சாலமன் தொடங்கிய எச்.ஐ.வி. சிகிச்சை அமைப்பான ஒய்.ஆர்.ஜி. கேர் வளர்ந்த வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகம் தரமணியில். யாரைக் கேட்பது என்பதும் தெரிந்ததுதான்: காட்சிச்சாலைப் பணியாளர், வனக்காவலர், கால்நடை மருத்துவர், மலைக்கோயில் படியில் கடை போட்டிருப்பவர். குரங்கு கடித்து அரசு மருத்துவமனைக்கு ரேபிஸ் ஊசி போட வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏற்கெனவே ஏறுகிறது, கடித்தது நாயா குரங்கா என்பதோடு. (கடித்தவுடன் செய்ய வேண்டியது மஞ்சளோ சுண்ணாம்போ வைப்பதல்ல. ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. பிறகு ஊசிக்கு ஓடுவது.) சம்மதம் வாங்கிக் கொஞ்சம் இரத்தம், எதிர்ப்பொருள் உருவாக அவகாசம் விட்டுச் சில மாதம் கழித்து இன்னொரு முறை. எதிர்ப்பொருளை வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பார்த்துவிட்டு, எந்தக் குரங்கின் வைரஸ் என்பதைக் கண்டுபிடிக்கப் பி.சி.ஆரில் பெருக்கிப் படிக்கும் பகுதி அநேகமாக இன்டெக்ரேஸ் மரபணுதான். டோலுடெக்ராவிரைப் புரியவைத்த அதே துண்டு.

சிக்கல் சோதனையில் இல்லை, முடிவைச் சொல்வதில். உங்கள் இரத்தத்தில் எச்.ஐ.வி. குடும்பத்து வைரஸ் ஒன்று இருக்கிறது, ஆனால் அது எச்.ஐ.வி. அல்ல, உங்களை ஒன்றும் செய்யாது என்றுதான் நினைக்கிறோம் என்று ஒரு காட்சிச்சாலைப் பணியாளரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் அவர் அதை எப்படிச் சொல்வார்? வேலையிடத்தில் பெயர் கசிந்தால்? இதை முன்கூட்டியே யோசிக்காமல் இரத்தம் எடுப்பது அக்கிரமம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இரத்த தானம் மட்டும் வேண்டாம், ஆண்டுக்கொரு முறை ஹீமோகுளோபின் பாருங்கள், விரும்பினால் மனைவிக்கோ கணவருக்கோ சோதித்துக்கொள்ளலாம், மற்றபடி குழந்தையைக் கொஞ்சுவதையோ சேர்ந்து சாப்பிடுவதையோ விட வேண்டியதில்லை. இதைப் பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் எதிரே உட்கார்ந்து சொல்லத் தெரிந்த ஆலோசகர்கள் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. மையங்களில்தான் இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்திலிருந்து வண்டலூர் மூன்றாவது ரயில் நிலையம்.